கரிசலில் புல்தரை

விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளத்தைச் சுற்றியுள்ள கரிசலில், நீர் பாய்ச்சாத புல் மாசியில் பழுக்கத் தொடங்கிச் சித்திரையில் முழுக்கக் காய்ந்துவிடும். கோடை மழை கைகொடுத்தால் கொஞ்சம் துளிர்க்கும், நிலைபெறுவது ஐப்பசியில்தான். மாவட்டத்தின் ஆண்டு மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதில் பாதியளவு வடகிழக்குப் பருவத்தில், சில நாட்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. ஆகவே இந்த வட்டாரத்தில் புல்தரையைச் செப்பனிடுவதற்கு உண்மையான பருவம் ஒன்றே ஒன்று: மழைக்கு முந்தைய புரட்டாசி. மற்ற மாதங்களில் செய்யப்படுபவை எல்லாம் இருப்பதைக் காப்பாற்றும் வேலைகள்.

தோட்டக் கையேடுகள் இப்படிச் சொல்வதில்லை. அவற்றின் பருவங்கள் இங்கிலாந்திலிருந்து வந்தவை. வசந்தத்தில் விதைப்பது, இலையுதிர் காலத்தில் ஒட்டுப்போடுவது, மண்ணின் புளிப்பு போகச் சுண்ணாம்பு தூவுவது என்று அவை விதிக்கும். இந்த அறிவுரைகளுக்குத் தமிழ்நாட்டில் ஓரளவு பொருந்தும் இடம் உண்டு. 1848இல் தொடங்கி வில்லியம் கிரகாம் மெக்ஐவர் உருவாக்கிய உதகை அரசு தாவரவியல் பூங்காவின் பசுந்தரைகள் அமில மண்ணிலும் குளிரிலும் வளர்பவை. ஆலங்குளத்தின் நிலைமை நேர் எதிர். நிலத்தடியிலேயே சுண்ணாம்புக்கல் கிடக்கிறது. அதை நம்பித்தான் 1970இல் இங்கே அரசு சிமென்ட் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. பின்னர் அது தமிழ்நாடு சிமென்ட்ஸ் கழகத்தின் ஆலையானது. மண்ணின் காரநிலை 8ஐத் தாண்டுவது இங்கே சாதாரணம். இந்த மண்ணில் சுண்ணாம்பு தூவுவது பணத்தைக் கொடுத்து நோயை வாங்குவது.

இந்த மண்ணுக்கு வாய்த்த புல் அருகு. நர்சரிக்காரர்கள் பாயாகப் பெயர்த்து விற்கும் கொரியன் புல் அடர்த்தியாக இருக்கும், காலுக்கு மெத்தென்றிருக்கும். ஆனால் கோடையில் தண்ணீர் லாரி வராவிட்டால் அதன் பசுமை நிற்காது. பெர்முடா என்ற பெயரில் விலைக்கு வருவதும் அருகின் இனமே. விளையாட்டுத் திடல்களுக்காகக் குட்டையாக்கப்பட்ட கலப்பினங்கள் அவை. வரப்பில் கிடக்கும் நாட்டு அருகு வெயிலை விரும்பும். உவர்ப்பையும் காரத்தையும் பொறுக்கும். மேலே தெரியும் தண்டு காய்ந்த பிறகும் நிலத்தடித் தண்டில் உயிரை வைத்துக்கொள்ளும். பருத்தி விவசாயிக்கு அது தீராத பகை. கோடை உழவு போட்டு, புரண்ட வேர்களை வெயிலில் காயவிட்டு, எஞ்சியதைக் கடப்பாரையால் கெல்லி எடுத்தாலும் அடுத்த மழைக்குத் தலைகாட்டும். புஞ்சையில் ஒழிக்க முடியாத இந்தக் குணமே வீட்டு முற்றத்தில் மூலதனம். அதற்கு உள்ள ஒரே குறை நிழல். வேம்பின் அடியிலும் மாடிச் சுவரின் வடபுறத்திலும் அது மெலிந்து போகும். அங்கே அகல இலை எருமைப்புல்லை நடலாம். அல்லது புல்லே வேண்டாம் என்று முடிவுசெய்து சரளை பரப்பிவிடலாம். இரண்டாவது முடிவே பெரும்பாலும் நல்ல முடிவு.

தண்ணீர்க் கணக்கும் இதையே சொல்லும். கடுங்கோடையில் பச்சை மாறாமல் புல்லை வைத்திருக்க நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீர் தேவை. அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 5 லிட்டர். பத்தடிக்குப் பத்தடித் தரைக்கு நாள்தோறும் 46 லிட்டர், மூன்று குடம். குடிநீரை விலைக்கு வாங்கும் தெருவில் இது எளிய செலவில்லை. அருகைக் காயவிடுவதில் தவறொன்றும் இல்லை. பத்து நாளைக்கு ஒருமுறை நன்றாக நனைத்தால் நிலத்தடித் தண்டு உயிரோடிருக்கும். சந்தேகம் வந்தால் ஒரு கணுவைத் தோண்டி ஒடித்துப் பார்க்க வேண்டும். உள்ளே வெள்ளையாகவும் ஈரமாகவும் இருந்தால் புல் உறங்குகிறது. பழுப்பாகப் பொடிந்தால் செத்துவிட்டது.

செத்த திட்டுகளுக்குக் காரணம் கண்டுபிடிப்பதே செப்பனிடுதலின் முதல் வேலை. பலரும் முதலில் பழிபோடுவது கரையான்மீது. காய்ந்த புல்லின்மேல் மண்தாள் படிந்திருப்பதைப் பார்த்ததும் மருந்துக்கடைக்கு ஓடுவார்கள். கரையான் பெரும்பாலும் ஏற்கெனவே செத்ததைத் தின்ன வருவது, கொன்றது வறட்சி. அந்த இடத்தில் நஞ்சை ஊற்றினால் கரையான் போகும், புல் திரும்பாது.

வெள்ளை வேர்ப்புழு வேறு வகை. கோடை மழை பெய்த மாலைகளில் மண்ணைக் கிளப்பிக்கொண்டு பழுப்பு வண்டுகள் வெளியே வரும். வேம்பு, முருங்கை இலைகளை இரவெல்லாம் மேய்ந்துவிட்டு, விடிவதற்குள் மண்ணுக்குத் திரும்பி முட்டையிடும். அதிலிருந்து வரும் புழுக்கள் ஆனி முதல் புரட்டாசி வரை புல்லின் வேரை அறுக்கும். வேர் அறுந்த தரையைக் கையால் பிடித்து இழுத்தால் பாயைச் சுருட்டுவதுபோல் வந்துவிடும். அடியில் அரைவட்டமாகச் சுருண்ட, பழுப்புத் தலை கொண்ட புழுக்கள் கிடக்கும். இழுத்தும் வராத புல் வறட்சியில் காய்ந்தது. இந்த ஒரு சோதனை ஒரு போத்தல் மருந்தை மிச்சப்படுத்தும். எருக்குழியில் கிடக்கும் கட்டைவிரல் பருமனான புழுக்களை இவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அவை காண்டாமிருக வண்டின் பிள்ளைகள்; மக்கிய எருவைத் தின்பவை, தென்னைக்குத்தான் எதிரி.

வேர்ப்புழுவை வண்டுப் பருவத்திலேயே பிடிப்பது சுலபம். கோடை மழைக்குப் பிந்தைய முதல் சில இரவுகளில் வேப்பங்கிளையை உலுக்கி, விழும் வண்டுகளை மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போட்டால் அந்த ஆண்டின் புழு குறைந்துவிடும். ஆண்டுக்கு ஒரே தலைமுறை என்பதால் இந்தச் சில இரவுகளுக்கு அத்தனை மதிப்பு. மண்ணுக்குள் இறங்கிவிட்ட புழுவுக்கு மெட்டாரைசியம் என்ற பூஞ்சாணத்தை மக்கிய எருவில் கலந்து ஈரமுள்ள தரையில் இடலாம். காய்ந்த மண்ணில் அது வேலை செய்யாது. இன்னொரு உதவியாள் கூலி கேட்காமல் வருவான். கொண்டலாத்தி தன் நீண்ட வளைந்த அலகைப் புல்லுக்குள் குத்திக் குத்திப் புழுவை எடுக்கும். அது போட்டுவிட்டுப் போகும் துளைகளைப் பார்த்துத் தரை கெட்டுவிட்டதென்று விரட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

புரட்டாசியில் முதல் தூறலுக்குப் பிறகு மண் காலில் ஒட்டாத, ஆனால் விரலால் அமுக்கினால் நெகிழும் பதத்தில் வேலையைத் தொடங்க வேண்டும். நனைந்த கரிசலில் நடந்தாலே அது இறுகிவிடும். உருளை உருட்டினால் கேட்கவே வேண்டாம். கோடையில் விழுந்த வெடிப்புகளைக் கண்டு பதற வேண்டியதில்லை. கரிசல் தன்னைத் தானே உழுதுகொள்ளும் மண். மேற்பொடி வெடிப்பில் இறங்கும், மழையில் மண் உப்பி வெடிப்பு மூடும். அந்த வெடிப்புகளில் மக்கிய எருவைத் தள்ளிவிடுவது மட்டும் மனிதர் செய்யக்கூடிய உதவி. மணல் கலந்தால் களி இளகும் என்ற நம்பிக்கையில் இரண்டு கூடை மணலைக் கொட்டுவது வீண். குறைந்த அளவு மணல் களியோடு சேர்ந்தால் இன்னும் கெட்டிப்படும். எருதான் இளக்கும்.

காய்ந்த புல்லை வாரி எடுத்துவிட்டு, கோரையைக் கிழங்கோடு தோண்ட வேண்டும். மேலே இழுத்தால் தழை மட்டும் கையோடு வரும். கிழங்குச் சங்கிலி உள்ளேயே தங்கி இரண்டு பங்காகத் துளிர்க்கும். நெருஞ்சியை முள் வைக்கும் முன் பிடுங்குவது வெறுங்காலோடு நடப்பவர்களின் கவலை. பிறகு அருகின் வேர்த்தண்டுகளை நான்கு விரற்கடை இடைவெளியில் ஊன்றலாம். திட்டு பெரிதாக இருந்தால் இந்தியத் தோட்டக்கலை நூல்கள் சொல்லும் பூச்சுமுறை வசதியானது. அருகை இரண்டு விரற்கடை நீளத்துக்கு நறுக்கி, பசுஞ்சாணம், மண், தண்ணீர் சேர்த்துக் குழைத்து, கொத்திவிட்ட தரையில் பூசிவிட வேண்டியதுதான். காயவிடாமல் இரண்டு வாரம் நீர் தெளித்தால் கணுக்கள் வேர்பிடிக்கும். ஐப்பசி மழை மற்றதைப் பார்த்துக்கொள்ளும். மூன்று விரல் உயரம் வந்த பிறகு முதல் வெட்டு. எந்த வெட்டிலும் உயரத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது.

மழைக்குப் பிறகும் புது இலை மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது பூச்சியும் நோயும் செய்த வேலையில்லை. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்பு கரையாமல் முடங்கிக் கிடப்பதன் அடையாளம். யூரியாவைக் கொட்டினால் பயனில்லை. அன்னபேதியை லிட்டருக்கு 5 கிராம் வீதம் கரைத்து, சிறிது எலுமிச்சைச் சாறு சேர்த்து மாலையில் இலைமேல் தெளித்தால் சில நாட்களில் நிறம் மாறும். சிமென்ட் தளத்தில் சிந்தாமல் பார்க்க வேண்டும். துருக்கறை படிந்தால் போகாது.

புல்லைவிட அதைச் சுற்றி நிற்கும் செம்பருத்தி, மல்லிகை, கறிவேப்பிலை, எலுமிச்சை, முருங்கை, பப்பாளிதான் பூச்சிகளின் உண்மையான மேய்ச்சல் நிலம். இந்த வட்டாரத்தில் அவற்றின் கதை தூசியிலிருந்து தொடங்குகிறது. லாரிகள் ஓடும் மண்சாலை, சுண்ணாம்புக்கல் குவாரி, ஆடிக்காற்று மூன்றும் சேர்ந்தால் இலையின் மேல் ஒரு படலம் நிரந்தரமாக இருக்கும். சாம்பலைத் தூவிப் பூச்சியை விரட்டுவது பாட்டிமார் காலத்து வழக்கம். நுண்ணிய பொடி பூச்சியின் மெழுகுத் தோலைத் தேய்த்து, அதன் உடல்நீரை இழக்கச் செய்கிறது என்பதால் அதில் நியாயம் உண்டு. ஆனால் அதே பொடி நன்மை செய்யும் பூச்சிகளையும் விடாது. இலையெங்கும் நடந்து இரை தேடும் சின்னஞ்சிறு குளவிகளும் பொறிவண்டுகளும் தூசியால் தொல்லைப்பட்டு விலகிப் போக, ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு உறிஞ்சும் செஞ்சிலந்தியும் செதில்பூச்சியும் பெருகும். சாலையோரச் செடியில் சிலந்தி அதிகமாக இருப்பதன் இரகசியம் இது. இலையின் அடிப்புறத்தை விசையோடு கழுவிவிடுவதே முதல் மருந்து. பாத்திரம் அலசிய தண்ணீர் இதற்குப் போதும்.

செஞ்சிலந்தி எட்டுக் கால் கொண்ட சிலந்தியினம், பூச்சியில்லை. ஆகவே பல பூச்சிமருந்துகள் அதைத் தொடுவதில்லை. பைரித்ராய்டு வகை மருந்தை அடித்த பின் அது முன்னிலும் பெருகுவது பூச்சியியலார் நன்கறிந்த செய்தி. அதற்கு நனையும் கந்தகத்தை லிட்டருக்கு 2 கிராம் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு தெளிப்பார்கள். உச்சி வெயிலில் கந்தகம் இலையைச் சுட்டுவிடும். சிவகாசி வட்டாரத்தில் கந்தகம் எல்லோருக்கும் தெரிந்த மஞ்சள் பொடி என்பதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: பட்டாசுக்குரிய கந்தகம் தண்ணீரில் கரைந்து நிற்காது, வீட்டில் வைத்துக்கொள்ளவும் கூடாது. செடிக்கு விற்கப்படுவது வேறு தயாரிப்பு.

மாவுப்பூச்சியின் கதை கொஞ்சம் நின்று சொல்ல வேண்டியது. மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி 2008இல் கோயம்புத்தூரில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அடுத்த இரண்டே ஆண்டுகளில் தமிழ்நாட்டின் பப்பாளி, மரவள்ளி, மல்பெரித் தோட்டங்களை வெள்ளையடித்துவிட்டு வீட்டுச் செம்பருத்திக்கும் வந்துசேர்ந்தது. அதன் உடல்மேல் படிந்த மெழுகில் மருந்து ஒட்டவில்லை. விவசாயிகள் ஒன்று மாற்றி ஒன்றாக அடித்தார்கள். மருந்துக்குச் செத்தவை அதன் இயற்கை எதிரிகளே. 2010இல் பெங்களூரில் உள்ள வேளாண் பூச்சிகளுக்கான தேசியப் பணியகம் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தது. அவற்றில் அசிரோபேகஸ் பப்பாயே என்பது கண்ணுக்குச் சட்டென்று தெரியாத அளவு சிறியது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். வெளிவரும் புழு அதை உள்ளிருந்தே தின்று தீர்க்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இக்குளவிகளைப் பெருக்கி மாவட்டம் மாவட்டமாக விட்டது. ஓராண்டுக்குள் தோட்டங்கள் தேறின. தெளிப்பானைக் கீழே வைத்தவர்களின் தோட்டத்தில் குளவி சீக்கிரம் நிலைத்தது.

2016இல் பொள்ளாச்சித் தென்னையில் தெரிந்த சுருள் வெள்ளை ஈ விஷயத்திலும் ஏறக்குறைய இதுவே நடந்தது. அங்கே காரியம் செய்தது என்கார்சியா என்ற குளவி. மருந்தடிக்க வேண்டாமென்று வேளாண் துறையினரே சொல்ல நேர்ந்தது.

இந்தப் பூச்சிகள் கழிக்கும் தேன்கழிவு இலையில் படிய, அதன்மேல் கரும்பூசணம் வளரும். ஆலையும் பட்டாசுத் தொழிலும் உள்ள ஊரில் இலை கறுத்தால் புகைதான் காரணமென்று தோன்றுவது இயல்பு. விரலால் தேய்த்தால் படலமாக உரிந்து வந்து, கை பிசுபிசுத்தால் அது பூசணம். மேலிருக்கும் கொப்பில் பூச்சியைத் தேட வேண்டும். அந்தத் தேனுக்காக எறும்புகள் காவல் காக்கும். குளவியையும் பொறிவண்டையும் கிட்டே விடாது. அடித்தண்டைச் சுற்றித் துணி கட்டி அதன்மேல் கிரீஸ் தடவி எறும்பின் வழியை அடைத்தால், மற்றதை எதிரிப் பூச்சிகள் செய்துகொள்ளும். ஒரு எச்சரிக்கை: மாவுப்பூச்சிக் கூட்டத்தில் கொஞ்சம் பெரிதாக, நீண்ட வெள்ளை மெழுகு இழைகளோடு சுறுசுறுப்பாக ஊரும் ஒன்று தென்பட்டால் நசுக்கக் கூடாது. அது 1898இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சியின் வேடத்திலேயே அவற்றைத் தின்னும்.

இத்தனைக்குப் பிறகும் தெளிக்க வேண்டிய நிலை வரும். அதற்கு இந்த மண்ணிலேயே விளைவது வேம்பு. ஆனி, ஆடியில் உதிரும் வேப்பமுத்தைப் பெண்கள் பொறுக்கிச் சேர்த்து விற்பது இப்பகுதியின் சின்ன வருமானம். உமி நீக்கிய பருப்பு 50 கிராமை இடித்துத் துணியில் கட்டி, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்துப் பிழிந்தால் 5 சதவீதக் கரைசல். அதில் சிறிது காதி சோப்பு சேர்த்தால்தான் இலையில் ஒட்டும். வெயில் அதன் வீரியத்தைக் குறைப்பதால் மாலையில் தெளிப்பதே முறை. பழைய முத்திலும் பூஞ்சை பிடித்த முத்திலும் பலன் குறைவு. வேம்பு உடனே கொல்வதில்லை. பூச்சியின் உணவு விருப்பத்தையும் தோலுரிப்பையும் கெடுக்கிறது. காலையில் வந்து பார்த்துப் பூச்சி நடமாடுகிறதே என்று கடை மருந்துக்குத் தாவுகிறவர்கள் வேம்புக்கு நாள் கொடுப்பதில்லை.

புழுக்களின் பருவம் மழையோடு வரும். கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் பறவை எச்சம்போல் தோன்றி, வளர்ந்ததும் பச்சையாகும் புழு வண்ணத்துப்பூச்சியின் பிள்ளை. வளர்ந்த மரம் அதைத் தாங்கும். கன்றில் இருந்தால் கையால் எடுத்து மரத்தில் விட்டுவிடலாம். மல்லிகையில் மொட்டுப்புழு மொட்டைத் துளைத்து நிறம் மாற்றும். கெட்ட மொட்டுகளை அன்றாடம் பறித்துப் புதைப்பதும், கார்த்திகை முடிவில் செடியை முழங்கால் உயரத்துக்குக் கவாத்து செய்து அடிமண்ணைக் கொத்திவிடுவதும் மருந்தைவிட நெடுநாள் நிற்கும். மதுரை மல்லி என்று புவிசார் குறியீடு பெற்ற பூவின் விளைநிலத்தில் விருதுநகர் மாவட்டமும் அடங்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் நந்தவனம் வைத்துத் தொடுத்த மாலையும் இதே வானத்தை நம்பி வளர்ந்த பூக்களால் ஆனது.

முருங்கைக் கம்பளிப்புழு பகலில் அடிமரத்தில் கூட்டமாக ஒண்டிக்கிடக்கும். தீப்பந்தம் காட்டிப் பொசுக்குவது பழைய முறை. பட்டாசு ஆலைகள் உள்ள வெம்பக்கோட்டை, சிவகாசிப் பக்கத்தில் அதை யாரும் யோசிக்காமல் செய்துவிட முடியாது. சோப்புக் கரைசலை விசையாகப் பீய்ச்சி, விழுபவற்றைப் பெருக்கிப் புதைப்பதே இங்கே முறை. புழு மயிர் தோலில் பட்டால் தடிக்கும் என்பதால் கையுறை வேண்டும்.

மழை ஓய்ந்து தை பிறந்ததும் வேலை தலைகீழாகும். பட்டாசு ஆலை வளாகங்களில் மருந்துக் கிடங்கையும் அறைகளையும் சுற்றிக் காய்ந்த புல்லும் புதரும் இல்லாமல் வைத்திருக்க வேண்டும் என்பது பாதுகாப்பின் அடிப்படை விதி. ஐப்பசியில் வளர்ந்த புல் மாசியில் எரிபொருள். அறுவடை செய்வதுபோல் அதைப் பச்சையாக இருக்கும்போதே வெட்டி அகற்றினால் மாட்டுக்குத் தீவனம். காய்ந்த பிறகு இரும்பு அரிவாளோ இயந்திரமோ கல்லில் உரசுவதே ஆபத்து. குடியிருப்புகளிலும் அப்படித்தான். வெட்டிய புல்லைக் கட்டடத்திலிருந்து தள்ளிக் குழியில் போட்டு, சாணக் கரைசல் தெளித்து மண்ணால் மூட வேண்டும். சருகைத் தெருமுனையில் குவித்துக் கொளுத்துவது எந்த மாதத்திலும் இந்த ஊருக்கு ஆகாது.